பண்ணைக்கு ஏற்ற நாய் எது?

கேள்வி: எங்கள் பண்ணையில் நாற்பது ஆடுகளும் ஆறு பசுக்களும் சில கோழிகளும் உள்ளன. சென்ற மாதம் நரி இரண்டு ஆட்டுக்குட்டிகளைத் தூக்கிச் சென்றுவிட்டது. மாலையில் ஆடுகளை மடக்கிப் பட்டியில் சேர்ப்பதும் சிரமமாக இருக்கிறது. தீவன அறையில் எலித்தொல்லையும் உண்டு. இம்மூன்றையும் பார்த்துக்கொள்ளக்கூடிய ஒரே நாயாக வாங்க விரும்புகிறோம். பார்டர் கோலி மிகுந்த அறிவுள்ள இனம் என்கிறார்கள். அதையே வாங்கலாமா?

பதில்: ஒரே நாயிடம் இம்மூன்றையும் எதிர்பார்க்க வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள். மந்தையை மடக்கும் நாயும் மந்தையைக் காக்கும் நாயும் பிறவிக் குணத்திலேயே எதிரெதிரானவை. இரையை உற்றுப் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கடிப்பது, கொல்வது என்று வரிசையாகச் செல்லும் வேட்டைக் குணத்தில் முதல் மூன்றையும் கூர்தீட்டி, கடைசி இரண்டையும் மழுக்கி உருவாக்கப்பட்டதே பார்டர் கோலி. 1893இல் பிறந்த ஓல்டு ஹெம்ப் என்ற நாய், குரைத்து விரட்டாமல் பார்வையாலேயே ஆடுகளை நகர்த்தியதால் புகழ்பெற்றது; இன்றைய பார்டர் கோலிகளின் மூதாதையாக அதையே குறிப்பிடுகிறார்கள். கிரேட் பைரனீஸ், மரெம்மா, அனடோலியன் ஷெப்பர்டு போன்ற காவல் இனங்களிலோ அந்த வேட்டைக் குணம் ஏறக்குறைய முழுவதுமாகத் தணிக்கப்பட்டிருக்கிறது.

இரண்டும் ஆட்டை நெருங்கும் விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இது எளிதில் விளங்கும். நல்ல காவல் நாய் தலையைத் தாழ்த்தி, கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு மெதுவாக வந்து, ஆட்டின் முகத்தை முகர்ந்துவிட்டு அதன் அருகிலேயே படுத்துவிடும். பார்டர் கோலியோ உடலைத் தரையோடு தாழ்த்தி, தூக்கிய முன்னங்காலை அப்படியே நிறுத்தி, ஆட்டையே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பார்வைக்கு அஞ்சித்தான் ஆடு நகர்கிறது. இரவும் பகலும் அத்தகைய பார்வைக்கு உட்பட்ட பட்டியில் ஒரு சினையாடு நிம்மதியாக அசைபோட முடியாது. என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஒரு பார்டர் கோலி, செய்வதற்கு வேலை இல்லாத பண்ணையில் வளர்ந்ததால், விடிந்தது முதல் கோழிகளை ஒரு மூலையில் மடக்கி வைப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தது; வேலியோரம் ஓடி ஓடி அதன் உள்ளங்கால் தோல் தேய்ந்து புண்ணாகியிருந்தது. அந்த நாயிடம் எந்தக் குறையும் இல்லை. அதற்குரிய வேலையை நாம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

தங்களுக்கு உண்மையான இழப்பு நரியால் ஏற்படுகிறது. ஆகவே காவல் இனமே தங்களுக்குப் பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து. ஆஸ்திரேலியாவின் வார்ணம்பூல் நகரை ஒட்டிய மிடில் தீவில் நரிகளின் வேட்டையால் பெங்குவின்கள் பத்துக்கும் குறைவாகச் சுருங்கிப்போன நிலையில், 2006இல் மரெம்மா நாய்கள் காவலுக்கு விடப்பட்ட பின்னர் அவற்றின் எண்ணிக்கை மீண்டும் உயரத் தொடங்கியது. நமீபியாவில் சீட்டா எனப்படும் சிவிங்கிப்புலிகளைக் காக்கும் பாதுகாப்பு நிதியம் 1994 முதல் அனடோலியன், கங்கால் நாய்களைக் கால்நடை வளர்ப்போருக்கு வழங்கிவருகிறது. நாய் குரைத்து விரட்டிவிடுவதால் ஆடும் பிழைக்கிறது, சிவிங்கிப்புலியைச் சுட வேண்டிய தேவையும் குறைகிறது.

நாற்பது ஆடுகளை மடக்குவதற்கு நாய் தேவையே இல்லை. நாள்தோறும் அதே நேரத்தில் தீவனப் பாத்திரத்தைத் தட்டிப் பழக்கினால் அவை தாமாகவே பட்டிக்கு வந்துவிடும். எலிகளுக்காக டெரியர் இன நாயை வாங்கினால், எலியைக் கண்டதும் பாயும் அதே வேகம் கோழிக்குஞ்சின் மீதும் பாயக்கூடும். தீவனத்தை மூடியுள்ள உலோகத் தொட்டிகளுக்கு மாற்றுவதே மேல்.

கேள்வி: காவல் நாய்க்குட்டியை எப்படித் தேர்ந்தெடுத்துப் பழக்க வேண்டும்? வாங்கிய உடனே காவலுக்கு விடலாமா?

பதில்: இனத்தின் பெயரைக் காட்டிலும் தாய் தந்தையின் வேலையே முக்கியம். கண்காட்சிப் பரிசுகளைப் பார்க்காமல், தாய் நாய் இப்போது மந்தையோடு இருக்கிறதா என்பதை நேரில் சென்று பாருங்கள். இடுப்பு மூட்டுக் கோளாறு இவ்வளவு பெரிய இனங்களில் அதிகம் என்பதால், பெற்றோருக்கு ஊடுகதிர்ப் படம் எடுக்கப்பட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். எட்டு வார வயதில் கொண்டுவந்த குட்டியை, ஆடுகளைப் பார்க்கவும் முகரவும் முடிகிற ஒரு சிறு தடுப்புக்குள் பட்டியிலேயே வையுங்கள். ஏறத்தாழ பதினாறு வாரம் வரை அது யாரோடு வளர்கிறதோ அவற்றையே தன் கூட்டமாகக் கொள்ளும். அதற்காக மனிதர்களிடம் பழக்காமல் விட்டுவிடக் கூடாது. நாள்தோறும் குழந்தைகள் தொட்டுப் பழகாத நாயைப் பின்னாளில் ஊசி போடக்கூடப் பிடிக்க முடியாது.

உடனே காவலுக்கு விடக் கூடாது. முழு முதிர்ச்சிக்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆகும். இடையில், விளையாட்டாக ஆட்டுக்குட்டியின் காதைக் கடிக்கும் பருவம் ஒன்று கட்டாயம் வரும். பலர் அப்போது மனம் வெறுத்து நாயைக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தச் சில மாதங்கள் ஆள் பார்வையில்லாத நேரத்தில் இளங்குட்டிகளிடமிருந்து பிரித்து வைத்தால் போதும். உறுதியான வேலி அவசியம். இரவில் குரைப்பதே அதன் வேலை என்பதால் அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

கேள்வி: எங்கள் கோலி நாய்க்கு, ஆடுகளுக்கு வைத்திருக்கும் ஐவர்மெக்டின் மருந்தையே குடற்புழு நீக்கத்திற்குக் கொடுக்கலாமா?

பதில்: தயவுசெய்து கொடுக்காதீர்கள். கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு ஆகிய இனங்களில் பல நாய்களுக்கு, இம்மருந்தை மூளைக்குள் புகாமல் தடுக்கும் புரதம் மரபணு மாற்றத்தால் செயல்படுவதில்லை. தள்ளாட்டம், பார்வை இழப்பு, வலிப்பு, சுயநினைவிழப்பு, மரணம் வரை செல்லக்கூடும். மருந்து கொடுக்கப்பட்ட கால்நடைகளின் சாணத்தைத் தின்றுகூட இத்தகைய நாய்கள் நஞ்சேறியதுண்டு. ஆடுகளுக்கு மருந்து கொடுத்த பிறகு சில நாட்கள் நாயைக் கட்டிவையுங்கள். கன்னத்தின் உட்புறத்தில் எடுக்கும் மாதிரியைக் கொண்டே இக்குறையைச் சோதித்து அறியலாம். அறுத்த ஆட்டின் ஈரலையும் நுரையீரலையும் நாய்க்குப் பச்சையாகப் போடும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். அவற்றில் இருக்கக்கூடிய நீர்க்கட்டியிலுள்ள இளம்புழு நாயின் குடலில் நாடாப்புழுவாக வளர்ந்து, அதன் முட்டைகள் நாயின் வழியே உங்கள் குழந்தைகளை அடையும்.