கிலோமீட்டர் குறைவாக ஓடிய பழைய பென்ஸ்: பெங்களூரில் வாங்கி ஓட்டலாமா?

கேள்வி: பெங்களூரில் 20 வருடத்துக்கு மேல் பழைய பென்ஸ் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 40,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. புது சின்னக் காரை விட விலை குறைவு. வாங்கி தினமும் ஓட்டலாமா?

வாங்கலாம். ஆனால் அந்த 40,000 என்ற எண்ணைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். தினமும் ஓட்டுவதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

நான் அல்சூரில் இருக்கிறேன். 2018-ல் ஒரு 1995 மாடல் மெர்சிடிஸ் ஈ220 வாங்கினேன். புனேவில் டெல்கோவோடு (இன்றைய டாடா மோட்டார்ஸ்) கூட்டுச் சேர்ந்து பென்ஸ் கம்பெனி இந்தியாவில் முதலில் தயாரித்த டபிள்யூ124 ரகம் அது. குக் டவுனில் ஓய்வுபெற்ற ஒரு டாக்டரம்மாவின் வண்டி. மீட்டரில் 38,000 சொச்சம். பார்த்ததும் எனக்கும் உங்களைப் போலத்தான் மனசு துள்ளியது.

அப்புறம் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 23 வருடத்தில் 38,000 என்றால் மாதம் 140 கிலோமீட்டர் கூட வரவில்லை. ஞாயிறு சர்ச், ரஸ்ஸல் மார்க்கெட், திரும்ப வீடு. இப்படி ஐந்து கிலோமீட்டருக்குள் முடியும் பயணத்தில் எஞ்சின் முழுசாகச் சூடாவதே இல்லை. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவி வெளியே போகாமல் சைலன்சருக்குள்ளேயே தண்ணீராகத் தங்கும். எஞ்சின் ஆயிலிலும் கலக்கும். என் வண்டியின் சைலன்சர் வெளியே பளபளவென்று இருந்தது. கழற்றித் தட்டினால் உள்ளேயிருந்து துரு கொட்டியது.

லால்பாக் ரோடு பக்கம் பழைய பென்ஸ் மட்டும் பார்க்கும் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் மீட்டரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பானெட்டைத் திறந்து ஒவ்வொரு ரப்பர் ஹோஸாக (குழாய்) விரலால் அழுத்திக்கொண்டே போனார். "தம்பி, இரும்பெல்லாம் புதுசு மாதிரி இருக்கு. ரப்பருக்கு மட்டும் 23 வயசு ஆயிடுச்சு" என்றார். முதல் வருடம் நான் செய்த செலவெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும். பெட்ரோல் ஹோஸ்கள், கூலன்ட் ஹோஸ்கள், எஞ்சின் மவுன்ட், சஸ்பென்ஷன் புஷ், கதவு பீடிங். எதுவும் ஓடித் தேய்ந்தது இல்லை, எல்லாம் நின்றே காய்ந்தது. வண்டிக்கு நான்கரை லட்சம் கொடுத்தேன், அதற்கு மேல் இரண்டே கால் லட்சம் இதற்கு ஆனது. உங்கள் கையில் வண்டி விலையில் பாதியாவது தனியாக இருந்தால்தான் இதில் இறங்குங்கள் என்று சொல்வேன். உதிரி பாகம் கிடைக்குமோ என்று பயப்பட வேண்டாம். டபிள்யூ124-க்கு இன்னமும் கிடைக்கிறது. பாதி சாமான் எனக்கு ஜே.சி. ரோட்டிலேயே கிடைத்தது, மீதியை வரவழைத்தேன்.

டயர் விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், இது உயிர் சம்பந்தப்பட்டது. என் வண்டியில் நான்கு டயரிலும் பட்டன் (ரோட்டில் படும் மேடு) அப்படியே இருந்தது. ஆனால் பக்கச் சுவரில் பொரி பொரியாக வெடிப்பு. டயரின் பக்கவாட்டில் DOT என்று ஆரம்பிக்கும் குறியீடு இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2309 என்றால் 2009-ம் வருடத்தின் 23-வது வாரம் தயாரானது. ஆறு வருடம் தாண்டிய டயரை, பட்டன் எவ்வளவு இருந்தாலும், நான் ஹைவேயில் நம்புவதில்லை. பிரேக் ஆயிலும் இதே கதைதான். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், ஓடினாலும் நின்றாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

இந்த ரக வண்டி என்றால் வயரிங்கைத் தனியாகப் பார்க்க வேண்டும். 1990களின் முதல் பாதியில் வந்த பென்ஸ் எஞ்சின்களில் வயர்களின் மேலுறை சூட்டிலும் வயதிலும் காய்ந்து உதிரும். இந்த வண்டியை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. டாக்டரம்மா ஒரு பச்சை ஃபைல் வைத்திருந்தார். 1995 முதல் எல்லா பில்லும் அதில் தேதிவாரியாக இருந்தன. எஞ்சினின் வயர்க் கட்டு முழுவதையும் (வயரிங் ஹார்னஸ்) 2004-ல் புதிதாக மாற்றிய பில்லும் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் நான் அட்வான்ஸ் கொடுத்தேன். 38,000 கிலோமீட்டர் ஓடி பில் எதுவும் இல்லாத வண்டியும், 1,40,000 கிலோமீட்டர் ஓடி முழு ஃபைலும் உள்ள வண்டியும் எதிரெதிரே நின்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதைத்தான் எடுப்பேன். பழைய மீட்டரைத் திருப்பி வைப்பது பெரிய வேலை இல்லை. பிரேக் பெடல் ரப்பர் வழுவழு என்று தேய்ந்திருக்கிறதா, டிரைவர் சீட்டின் ஓரம் அமுங்கியிருக்கிறதா, ஸ்டியரிங் மினுமினுக்கிறதா என்று பாருங்கள். 40,000 ஓடிய வண்டியில் இவை அப்படி ஆகாது.

பெட்ரோல் பற்றி ஒரு வார்த்தை. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 1995-ல் செய்த ரப்பர் இதற்காகச் செய்யப்பட்டது இல்லை. அதனால்தான் பெட்ரோல் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றினேன். எத்தனால் தண்ணீரை இழுக்கும் குணமுள்ளது. மாதக்கணக்கில் வண்டி நின்றால் டேங்கின் அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து தங்கக்கூடும். ஆகவே டேங்க்கை நிரப்பி மூடி போட்டு வைத்துவிடுவது பராமரிப்பு ஆகாது. (மைலேஜ் என்றால் நம்மூரில் லிட்டருக்கு எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். எனக்கு ஊருக்குள் 7, ஹைவேயில் 11.)

காகிதங்கள். ஆர்.சி. 15 வருடத்துக்குத்தான் செல்லும், அப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 20 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆனது, இறக்குமதி கார் என்றால் 80,000. பழைய வண்டிக்கான க்ரீன் டாக்ஸ் தனி. டெல்லியில் பழைய வண்டிகள் மீதான கெடுபிடியால் அங்கிருந்து நல்ல வண்டிகள் மலிவாக இங்கே வருகின்றன. வாங்கும் முன் என்.ஓ.சி. (அந்த ஊர் ஆர்.டி.ஓ. தரும் ஆட்சேபணை இல்லை என்ற சான்று), கர்நாடக வாழ்நாள் வரி இரண்டையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். கே.ஏ. என்று தொடங்கும் கர்நாடக நம்பர் வண்டியாக இருந்தால் இந்த அலைச்சல் இல்லை. இன்சூரன்ஸில் ஐந்து வருடம் தாண்டிய வண்டியின் மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். பேசுங்கள், கொடுத்ததை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

தினமும் ஓட்டலாமா என்று கேட்டீர்கள். சில்க் போர்டு சிக்னலில் ஏ.சி. போட்டு 40 நிமிடம் நிற்பதற்கு இந்த வண்டியை நான் எடுப்பதில்லை. என் ஆபீஸ் ஒயிட்ஃபீல்டில், அல்சூரில் மெட்ரோவின் பர்ப்பிள் லைன் ஏறினால் நேரே போய்விடலாம். ஆனால் 15 நாளுக்கு ஒருமுறை வண்டி கட்டாயம் கோலார் தங்கவயல் போகும். என் அப்பா அங்கே சுரங்கத்தில் வேலை பார்த்தவர், 2001-ல் மூடும்வரை. அம்மா இன்னும் ராபர்ட்சன்பேட்டையில்தான் இருக்கிறார். விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பி பழைய மெட்ராஸ் ரோட்டில் ஹொஸ்கோட்டையைத் தாண்டினால் எஞ்சின் தன் சூட்டுக்கு வந்துவிடும். அதற்குமேல் 90-ல் வைத்துவிட்டால் ஒரு சத்தம் கிடையாது. ரோட்டின் மேடு பள்ளம் எல்லாம் கீழேயே முடிந்துவிடும், கைக்கும் முதுகுக்கும் வராது. மழை பிடித்தால் அந்த ஒற்றை வைப்பர் நடுவிலிருந்து நீண்டு மூலைவரை போய்த் துடைத்துவிட்டு வரும். எட்டு வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் சலிக்கவில்லை. சீட்டில் வெறும் ஸ்பாஞ்ச் இல்லை, உள்ளே ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு முதுகுவலி உண்டு. பங்காரப்பேட்டைக்கு ஒரு கல்யாணத்துக்கு அழைத்துப் போனபோது, "இதுல உட்கார்ந்தா வீட்டுக் கட்டில்ல சாஞ்ச மாதிரி இருக்குப்பா" என்றார். போக வர 200 கிலோமீட்டர். இந்த ஓட்டம் ஆரம்பித்த பிறகு பாட்டரி இறங்குவது நின்றது, கியர் மாறும்போது இருந்த சின்னக் குலுக்கல் ஆயில் மாற்றியதோடு போயிற்று. இன்று மீட்டரில் 81,000. வாங்கிய நாளில் இருந்ததை விட வண்டி இப்போதுதான் நன்றாக இருக்கிறது.

நீங்கள் பார்க்கப் போகும் வண்டிக்கு வருவோம். நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று ஓனரிடம் முன்பே சொல்லிவையுங்கள். போனதும் பானெட் மேல் கை வைத்துப் பாருங்கள், சில்லென்று இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போது பின்னால் ஒருவரை நிறுத்திப் புகையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏ.சி. போட்டு குறைந்தது 30 கிலோமீட்டர், பாதி நெரிசலில் பாதி ஹைவேயில், ஓட்டுங்கள். டபிள்யூ124 என்றால் ஏ.சி. குளிர்வதை நன்றாகக் கவனியுங்கள். காற்றைக் குளிர வைக்கும் எவாப்பரேட்டர் ஒழுகினால் டேஷ்போர்டு முழுவதையும் கழற்றித்தான் மாற்ற முடியும். திரும்பி வந்து நிறுத்திய பத்து நிமிடம் கழித்து வண்டிக்கு அடியில் ஏதாவது ஒழுகியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இதற்கெல்லாம் ஓனர் முகம் சுளித்தால் அந்த வண்டியை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.