இரு நாடுகளின் கேஸ் பைப்லைனும் எல்லை அருகே வரும்போது, நடுவில் சில கிலோமீட்டர் குழாய் போட்டு இணைத்துவிட்டால் போதாதா?

போதாது. நிலம் கைக்கு வந்துவிட்டால் குழாய் போடுவதுதான் இதில் சுலபமான வேலை. சிக்கலெல்லாம் அதன் இரு முனைகளுக்கும் பின்னால் இருக்கிறது.

முதலில் அழுத்தம். ஒரு பக்கம் 75 பார் (அழுத்தத்தின் அலகு), மறுபக்கம் 55 பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 75-லிருந்து 55-க்கு வாயு தானாகவே போகும். திருப்பி அனுப்ப, வாயுவை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசர் வேண்டும். தானாகப் போகும் திசையிலும் அப்படியே திறந்துவிட முடியாது. அழுத்தம் ஒரு பார் குறைந்தால் வாயு ஏறத்தாழ அரை டிகிரி குளிரும். 20 பார் இறக்கினால் 10 டிகிரி. குளிர்காலத்தில் 5 டிகிரியில் வரும் வாயு பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடும். அதில் ஈரம் மிச்சமிருந்தால் நீரும் வாயுவும் சேர்ந்து பனிக்கட்டி போல ஹைட்ரேட்டாக உறைந்து, அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டரை அடைக்கும். அதனால் ரெகுலேட்டருக்கு முன்னால் ஹீட்டர், ரெகுலேட்டர் பழுதானால் தானே மூடிக்கொள்ள ஸ்லாம்-ஷட் வால்வு.

அடுத்தது வாயுவின் தரம். பல திட்டங்கள் தடுக்கி விழுவது இங்கேதான். நெதர்லாந்தின் குரோனிங்கன் எரிவாயு வயலிலிருந்து எடுத்த வாயுவில் சுமார் 14 சதவீதம் நைட்ரஜன்; அது எரியாது, அதனால் அந்த வாயுவுக்கு வெப்பம் குறைவு. அதற்கென்று அமைத்த அடுப்பில் நார்வே வாயுவை நேரடியாக விட முடியாது; பர்னரையே மாற்ற வேண்டும், இல்லையென்றால் வாயுவில் நைட்ரஜனைக் கலக்க வேண்டும். வடமேற்கு ஐரோப்பாவில் இந்த இரண்டு வகைக்கும் தனித்தனிக் குழாய் வலையே ஓடியது.

இன்னொன்று, யாரும் எதிர்பார்க்காதது: வாசனை. கசிவு தெரிவதற்காகச் சேர்க்கும் கந்தகச் சேர்மத்தை பிரான்ஸ் பெரிய குழாயிலேயே கலந்துவிடுகிறது. ஜெர்மனி ஊர் விநியோகக் கட்டத்தில்தான் கலக்கிறது. எனவே இரு நாட்டுக்கும் குழாய் இணைப்பு இருந்தும் வாயு ஜெர்மனியிலிருந்து பிரான்ஸுக்கு மட்டுமே போனது. எதிர்த்திசையில் போகத் தொடங்கியது 2022 அக்டோபரில், அதுவும் ரஷ்ய வாயு நின்ற நெருக்கடியில், வாசனை கலந்த வாயுவையே வாங்கிக்கொள்ள ஜெர்மனி சம்மதித்த பிறகு.

திசை மாற்றுவது என்றால் ஒரு வால்வைத் திருப்புவது என்று பலர் நினைக்கிறார்கள். கம்ப்ரசர் நிலையத்தின் உறிஞ்சு பக்கமும் தள்ளு பக்கமும் இடம் மாறும்படி உள்குழாய்களைத் திருத்த வேண்டும். வழியிலுள்ள செக் வால்வுகள் (ஒருதிசை வால்வுகள்) எதிர்த்திசைக்கு வழிவிடாது. மீட்டரும் இருதிசைக்கு அளவுத்திருத்தம் செய்யப்பட்டிருக்க வேண்டும்.

அளவீட்டில் ஒரு பொறி உண்டு. ஒரு நாடு கன மீட்டரை 0 டிகிரியில் கணக்கிடும், இன்னொன்று 15 அல்லது 20 டிகிரியில். 0-க்கும் 15-க்கும் மட்டுமே 5.5 சதவீத வித்தியாசம். அதனால் ஒப்பந்தத்தில் கன அளவோடு விடாமல், வாயுவில் எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் கேஸ் குரோமேட்டோகிராஃப் கருவி வைத்து வெப்ப ஆற்றலில், கிலோவாட்-மணியில் பில் போடுவதே சண்டையில்லாத வழி.

சின்ன விஷயம், ஆனால் விட்டுவிடாதீர்கள்: எல்லையில் மின்காப்பு இணைப்பு, அதாவது ஒரு பக்கக் குழாயின் மின்சாரம் மறுபக்கம் கடக்காமல் தடுக்கும் இணைப்பு. இரு பக்கமும் துருப்பிடிக்காமல் இருக்க தனித்தனியாகக் கத்தோடிக் பாதுகாப்பு மின்னோட்டம் கொடுக்கின்றன. அந்த இணைப்பு இல்லையென்றால் ஒருவர் மின்னோட்டம் இன்னொருவர் குழாய்க்குள் போய், யார் குழாய் எவ்வளவு பாதுகாப்பாக இருக்கிறது என்றே தெரியாது.

கடைசியாகக் கொள்ளளவு. விட்டத்தை இரட்டித்தால் ஒரே அழுத்த வித்தியாசத்தில் ஐந்தரை மடங்குக்கு மேல் வாயு போகும். அதனால் எல்லையில் பெரிய குழாய் போடத் தோன்றும். ஆனால் இரு பக்கமும் அறிவிக்கும் அளவில் எது குறைவோ அதுதான் விற்கக்கூடிய கொள்ளளவு. 2022 மே மாதம் இயங்கத் தொடங்கிய போலந்து–லிதுவேனியா இணைப்பு 508 கிலோமீட்டர். எல்லையைத் தொடும் கடைசித் துண்டு அதில் கொஞ்சம்தான். பெரும்பகுதி போலந்துக்குள், உள்நாட்டு வலையோடு சேர்க்கப் போட்டது.  அப்படியும் லிதுவேனியாவை நோக்கி ஆண்டுக்கு சுமார் 2.4 பில்லியன் கன மீட்டர், போலந்தை நோக்கி சுமார் 2 பில்லியன். ஒரே குழாய்தான்; திசைக்கு ஒரு கொள்ளளவு.