ஒரு பண்பாட்டின் வழக்கத்தையே எல்லோருக்கும் அளவுகோலாக்குவது பண்பாட்டுச் சார்பு. உளவியல் ஆய்விலும் நோயறிதலிலும் அது எங்கே நுழைகிறது? அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரும்பாலும் சோதனை, கேள்வித்தாள் போன்ற ஆய்வுக் கருவிகள் வழியாகத்தான் நுழைகிறது. ஆய்வாளரும் மருத்துவரும் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், கேள்வித்தாளையும் மதிப்பெண் எல்லையையும் ஆய்வுக்கு எடுத்த ஆட்களையும் தனித்தனியாகச் சோதித்தால்தான் அது பிடிபடும்.

முதலில் ஆட்கள். அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் 2008-இல் வெளியிட்ட அலசலில், அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஆறு முக்கிய இதழ்களை எடுத்துக்கொண்டார். 2003 முதல் 2007 வரை அவற்றில் வந்த ஆய்வு மாதிரிகளில் 68 சதவீதம் அமெரிக்காவைச் சேர்ந்தவை. மேற்கத்தியத் தொழில்வள நாடுகள் எல்லாம் சேர்ந்து 96 சதவீதம். ஆகவே ‘மனிதர்கள் இப்படித்தான் முடிவெடுக்கிறார்கள்’ என்று தலைப்பிட்ட கட்டுரையைப் பார்த்தால், நேராகச் செய்முறைப் பகுதிக்குப் போய் ஆட்கள் யார் என்று பாருங்கள். ஒரே பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் என்றால், மற்றவர்களுக்கும் அந்த முடிவு பொருந்தும் என்பது இன்னும் காட்டப்படாத ஒன்று.

அடுத்தது சோதனை. மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் க்பெல்லே இன விவசாயிகளிடம், உளவியலாளர்கள் மைக்கேல் கோல், ஜோசப் கிளிக் குழுவினர் 20 பொருட்களைக் கொடுத்து, ஒன்றோடொன்று சேருபவற்றைப் பிரித்து வைக்கச் சொன்னார்கள். உணவு, உடை, கருவி, பாத்திரம் என்று நான்கு குவியல்கள் வரும் என்பது எதிர்பார்ப்பு. விவசாயிகளோ உருளைக்கிழங்கை மண்வெட்டியோடும் ஆரஞ்சைக் கத்தியோடும் வைத்தார்கள். புத்திசாலி இப்படித்தான் செய்வான் என்றார்கள். முட்டாள் எப்படிச் செய்வான் என்று கேட்டதும், எதிர்பார்த்த அதே நான்கு குவியல்கள் வந்துவிட்டன! திறமை முதலிலிருந்தே இருந்தது. எது புத்திசாலித்தனம் என்பதில்தான் சோதிப்பவரும் சோதிக்கப்படுபவரும் வேறுபட்டார்கள். மதிப்பெண் குறைந்ததும் ‘திறன் குறைவு’ என்று எழுதுவதற்கு முன், பொருட்களையும் கேட்கும் விதத்தையும் மாற்றி மறுபடி சோதிக்க வேண்டும். இதைச் செய்யாமல் விடுவதால் பள்ளிப் பிள்ளைகளுக்கு நேரும் கெடுதல் மிகப் பெரியது.

கேள்வித்தாளில் என்ன நடக்கிறது என்பதை பி.எச்.கியூ-9 என்ற மனச்சோர்வுப் படிவத்தில் பார்க்கலாம். ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. வழக்கமாக 10-ஐத் தாண்டினாலோ தொட்டாலோ கூடுதல் பரிசோதனை. இதில் தூக்கம், களைப்பு, பசி ஆகிய மூன்று கேள்விகளுக்கே 9 மதிப்பெண் உண்டு. இரவு வேலை செய்பவரோ நாட்பட்ட உடல்நோய் உள்ளவரோ மனச்சோர்வு இல்லாமலேயே எல்லைக்கு அருகில் வந்துவிடுவார். மறுபுறம், வேதனையைத் தலைவலி, நெஞ்சு எரிச்சல், உடம்பு வலி என்று சொல்லிப் பழகியவருக்கு அதைக் குறிக்க இந்தப் படிவத்தில் இடமே இல்லை. 10 என்ற எல்லை 2001-இல் அமெரிக்க நோயாளிகளை வைத்து மதிப்பிடப்பட்டது. வேறு மக்களிடம் பயன்படுத்தும்போது, படிவத்தின் முடிவை நேர்முக மருத்துவப் பரிசோதனையோடு ஒப்பிட்டு எல்லையைப் புதிதாகக் கணக்கிட வேண்டும்.

மொழிபெயர்ப்பில் பலர் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள். இருவர் தனித்தனியே மொழிபெயர்த்து, இரண்டையும் இணைத்து, மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் திருப்பி மொழிபெயர்ப்பது நல்ல தொடக்கம். அத்தோடு முடித்தால் சொல் சரியாக இருக்கும், கேள்வி தவறாகப் போய்ச் சேரும். பிறகு, படிவத்தை நிரப்பப்போகும் மக்களில் சிலரை உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்விக்கும் ‘இது என்ன கேட்கிறது, பதில் சொல்லும்போது எதை நினைத்தீர்கள்’ என்று கேளுங்கள். வேறு சில மனச்சோர்வுப் படிவங்களில் வரும் ‘மற்றவர்களுக்கு இணையாக நான் நல்லவன்’ போன்ற வாக்கியத்துக்குத் தன்னடக்கத்தால் ‘இல்லை’ என்பவர் சோர்வு மதிப்பெண் வாங்குவது இங்கேதான் வெளியே வரும்.

இரு நாட்டுச் சராசரிகளை ஒப்பிடும் கட்டுரையில் அளவீட்டுச் சமநிலையைச் சோதித்தார்களா என்று தேடுங்கள். ஒரே அளவு சோர்வுள்ள இருவர், வேறு வேறு குழுவினராக இருந்தாலும், ஒரே கேள்விக்குச் சராசரியாக ஒரே பதில் தர வேண்டும் என்பதே அதன் சாரம். இது தேறாவிட்டால் ‘அந்த நாட்டில் சோர்வு அதிகம்’ என்ற வாக்கியத்துக்கு அடிப்படை கிடையாது.

நோயறிதலில் மருத்துவரின் பயிற்சியே சார்பாக மாறலாம். 1960-களில் லண்டனைவிட நியூயார்க் மருத்துவமனைகளில் மனச்சிதைவு நோய் மிக அதிகமாகப் பதிவானது. ஆய்வுக் குழு இரு நகரங்களிலும் ஒரே கட்டமைப்புள்ள நேர்காணலைப் பயன்படுத்தியபோது அந்த வேறுபாடு பெருமளவு மறைந்துவிட்டது. 2013-இல் வந்த டி.எஸ்.எம்-5 என்ற அமெரிக்க மனநோய் வகைப்பாட்டுக் கையேட்டில் உள்ள 16 கேள்விப் பண்பாட்டு நேர்காணல் இதற்கு உதவும். உங்கள் பிரச்சினையைக் குடும்பத்தாரிடம் எப்படிச் சொல்வீர்கள், எது அதிகம் வருத்துகிறது, காரணம் என்னவென்று நினைக்கிறீர்கள் என்றெல்லாம் அது கேட்கிறது.

எதிர்ப்பக்கத் தவறும் அதே அளவு ஆபத்தானது. ‘அவர்கள் பண்பாட்டில் குரல் கேட்பது சகஜம்’ என்று விட்டுவிட்டால் உண்மையான நோய் சிகிச்சையின்றி முற்றும். நோயாளியின் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரிடம், இது உங்களில் மற்றவர்களுக்கும் வருவதுதானா, இவருக்கு வருவது வித்தியாசமாக இருக்கிறதா என்று கேளுங்கள். தூக்கம், வேலை, தன்னைக் கவனித்துக்கொள்வது எப்போதிலிருந்து சரிந்தன என்றும் விசாரியுங்கள். குடும்பத்தாரை, முக்கியமாகப் பிள்ளைகளை, மொழிபெயர்ப்பாளராக்காதீர்கள். எதை மறைப்பது என்பதை அவர்கள் முடிவு செய்துவிடுவார்கள். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரிடமும் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்: பேச்சு தொடர்பில்லாமல் தாவினால் கோத்துச் சீராக்காமல், தாவியபடியே சொல்லுங்கள் என்று. அந்தத் தாவலே நோயறிகுறியாக இருக்கக்கூடும்.