நன்றாகப் பராமரித்த பழைய ஃபோர் வீல் டிரைவ் வேனை விற்கும்போது, பராமரிப்புக்குச் செலவழித்ததற்கு ஏற்ற விலை கிடைக்குமா?

கிடைக்காது. இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால், இரண்டு மாதம் ஒவ்வொரு அழைப்புக்கும் மனம் கொதித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன்.

உங்கள் கடிதத்தில், ஒன்பது வருடத்து பில்களையும் ஃபைல் போட்டு வைத்திருக்கிறேன், வந்து பார்ப்பவர்கள் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் அதே வருடத்து வேறு எந்த வேனுக்கும் சொல்கிற விலையைத்தான் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகள் வளர்ந்து வேனுக்கு வேலை இல்லாமல் போயிருக்கும், அல்லது டீசல் செலவு கட்டுப்படியாகவில்லை. இரண்டில் ஒன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். பணம் குறைவதைவிட, பார்த்துப் பார்த்து வைத்ததை யாரும் கண்டுகொள்ளவில்லையே என்பதுதான் உங்களை உறுத்துகிறது. என்னையும் அதுதான் உறுத்தியது.

என்னுடையது மிட்சுபிஷி டெலிகா ஸ்பேஸ் கியர், 1997 மாடல், 2.8 லிட்டர் டர்போ டீசல். 11 வருடம் வைத்திருந்தேன். விற்கும்போது 2,12,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இன்ஜின் ஆயில். பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்; ஈரம் ஏறிய ஆயில் நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது கொதித்து, பெடல் தரைவரைக்கும் இறங்கிவிடும். எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு மலையிறங்குகிற வண்டியில் அதில் சோம்பல் பட முடியாது. முன் அச்சிலும் பின் அச்சிலும் உள்ள பல்சக்கரப் பெட்டிகளான முன் கிரவுன், பின் கிரவுன், இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ், மூன்றுக்கும் தனித்தனியாக ஆயில் உண்டு. டிரான்ஸ்ஃபர் கேஸை நிறைய மெக்கானிக்குகளே மறந்துவிடுவார்கள், நான்தான் ஒவ்வொரு முறையும் நினைவுபடுத்துவேன். எல்லாம் ஒரு நீல அட்டை நோட்டில் இருந்தது: தேதி, கிலோமீட்டர், என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன்.

இவ்வளவும் செய்துவிட்டு விளம்பரத்தில் 'நன்றாகப் பராமரிக்கப்பட்டது' என்று எழுதினேன். அங்கேதான் முதல் தவறு. அந்த வார்த்தையை எழுதாத விளம்பரம் உண்டா? ஆயிலே மாற்றாதவரும் அதைத்தான் எழுதுகிறார். புதிய சீட் கவர் போட்டால் கண்ணுக்குத் தெரியும், புதிய டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில் தெரியாது. வாங்க வருகிறவர் நம்மை நம்பவில்லை என்றால் அது அவர் குற்றம் இல்லை என்று இப்போது புரிகிறது. அப்போது புரியவில்லை.

முதலில் வந்தவர் பழைய வண்டி வாங்கி விற்கிற வியாபாரி. வருடம் பார்த்தார், கிலோமீட்டர் பார்த்தார், நோட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். அந்தப் பக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

விற்பதற்கு மூன்று வருடம் முன்பு ஒரு நண்பர் இரண்டு நாளைக்கு வண்டியை வாங்கிப் போனார். ஸ்பேஸ் கியரில் இரண்டாவது லீவர் ஒன்று உண்டு. 2ஹெச் போட்டால் பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும். 4ஹெச் போட்டால் நான்கும் இழுக்கும், ஆனால் முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுழல விடுகிற டிஃபரென்ஷியல் நடுவில் வேலை செய்வதால் காய்ந்த ரோட்டிலும் ஓட்டலாம். அதற்கடுத்த 4ஹெச்எல்சியில் அந்த நடு டிஃபரென்ஷியல் பூட்டிக்கொள்ளும். அது சேற்றுக்கும் மணலுக்கும் மட்டும்தான். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடக் கொஞ்சம் கூடுதல் தூரம் உருளும். பூட்டியிருக்கும்போது அந்த வித்தியாசம் போக்கிடம் இல்லாமல், இழுவையைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகிற ஷாஃப்ட்டை முறுக்கும். மண் தரையில் டயர் வழுக்கி முறுக்கு தளர்ந்துவிடும், தார் ரோட்டில் தளராது. நண்பர் ஏதோ ஈரமான ஏற்றத்தில் 4ஹெச்எல்சி போட்டவர், திரும்பி வருகிற வழி முழுக்க எடுக்கவேயில்லை. டேஷ்போர்டில் விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்திருக்கும். வண்டி வாசலுக்கு வந்தபோது ஸ்டியரிங் திரும்ப மறுத்தது. நால்ரோட்டில் திரும்பும்போதெல்லாம் யாரோ பிடித்து நிறுத்துவதுபோல் இருந்தது என்று அவர் வீட்டம்மாதான் சொன்னார், அவர் சொல்லவில்லை. முன் அச்சுக்குப் போகிற புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் மூட்டான யு ஜாயின்ட் ஆட்டம் கண்டுவிட்டது. முன் டயர் இரண்டும் ஓரத்தில் அராவினதுபோல் தேய்ந்திருந்தன.

நான்தான் செலவழித்தேன். அது போகட்டும். வேன் வைத்திருப்பவரின் நிலைமையை இங்கே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லையென்றாலும். வேன் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அது ஊர்ப் பொதுச்சொத்து. யார் வீடு மாற்றினாலும் நம் வண்டி, யாரை ஏர்போர்ட்டில் இறக்கவேண்டும் என்றாலும் நம் வண்டி. சோஃபாவை ஏற்றி உள்கூரைத் துணியைக் கிழித்துக் கொடுத்தவர் உண்டு. டேங்க்கை வற்றடித்து நிறுத்திவிட்டு, சாவியைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போனவர் உண்டு. கேட்டால் முகம் சுருங்குகிறது, கொடுக்காவிட்டால் கஞ்சன். கடன் வாங்கிய பொருளுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? இரவல் கொடுத்த என் டிரில்லிங் மெஷின் நான்கு வருடமாகத் திரும்பி வரவில்லை. நான் மட்டும் இன்றுவரை யாரிடம் எதை வாங்கினாலும் துடைத்துத்தான் கொடுக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த நிகழ்ச்சியை அப்படியே நோட்டில் எழுதியிருந்தேன். "4ஹெச்எல்சியில் காய்ந்த ரோட்டில் ஓட்டப்பட்டது. முன் ஷாஃப்ட் யு ஜாயின்ட் மாற்றம். டயர் நான்கும் மாற்றம்." வியாபாரி விரலை அதன்மேல் வைத்து, "நீங்களே எழுதியிருக்கிறீர்களே" என்றார். நான் கேட்ட விலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தார். எழுதாமல் இருந்திருந்தால் அவருக்குத் தெரிந்தே இருக்காது. வியாபாரிகள் எல்லோரையும் நான் குறை சொல்லவில்லை. அவரும் வாங்கி, செலவு செய்து, நிறுத்திவைத்து, விற்கவேண்டும். ஆனால் அன்று சாப்பாடு இறங்கவில்லை. மனைவி இரவு மெதுவாக, "அந்த ஒரு தாளை எடுத்துவிடுங்களேன், மற்றதெல்லாம் இருக்கிறதே" என்றாள். அவள் கேட்டதில் தப்பில்லை. நானும் ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் கிலோமீட்டர் வரிசையில் நடுவில் ஒரு ஓட்டை விழும், அப்புறம் அந்த நோட்டை யாருக்கும் முழுமனதோடு கொடுக்க முடியாது. கிழிக்கவில்லை.

இரண்டாவதாக வந்தது ஒரு குடும்பம், மூன்று பிள்ளைகள். நல்ல மனிதர்கள். "டைமிங் பெல்ட் எப்போது மாற்றினீர்கள்?" என்றார் அப்பா. இந்த 2.8 இன்ஜினில் பெல்ட் இல்லை, செயின். 2.5 டீசலில்தான் பெல்ட். அதைச் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு நம்பிக்கை வந்தது. ஓட்டிக் காட்டினேன். 4ஹெச் போட்டேன். டேஷ்போர்டில் முன் சக்கர விளக்கு எரியாமல் மினுங்க ஆரம்பித்தது. நிற்கவேயில்லை. 11 வருடத்தில் ஒருநாளும் செய்யாதது, அன்றைக்கு. முன் அச்சை இணைக்கிற கிளட்ச் இந்த வண்டியில் வேக்குவத்தால், அதாவது காற்றை உறிஞ்சி எடுக்கிற இழுப்பால், இயங்குகிறது. அதற்குப் போகிற ரப்பர் ஹோஸ் வயதானால் வெடிப்பு விடும். வேக்குவம் கசிந்தால் கிளட்ச் சேராது, விளக்கு மினுங்கும். விரல் நீள ஹோஸ் துண்டு, அவ்வளவுதான். எவ்வளவு விளக்கினாலும் அவர் காதில் 'ஃபோர் வீல் டிரைவ் போச்சு' என்றுதான் விழுந்தது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. மறுநாள் எல்லா வேக்குவம் ஹோஸையும் புதிதாக மாற்றிவிட்டுக் கூப்பிட்டேன். வேறு வண்டி பார்த்துவிட்டதாகச் சொன்னார்கள்.

உங்கள் வண்டி எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. அது முக்கியம். டெலிகா 1982-லேயே ஃபோர் வீல் டிரைவில் வந்துவிட்டது, ஃபோக்ஸ்வாகன் வேனில் 1985-ல் சிங்க்ரோ என்ற ஃபோர் வீல் டிரைவ் வந்தது. சிங்க்ரோவில் பூட்டுகிற லீவருக்குப் பதில் விஸ்கஸ் கப்ளிங். உள்ளே இருக்கிற சிலிக்கோன் திரவம்தான் முன் சக்கரங்களுக்கு இழுவையைக் கொடுக்கும். 2021 மாடலிலிருந்து வருகிற ஃபோர் வீல் டிரைவ் டொயோட்டா சியன்னா என்றால் கதையே வேறு: பின் சக்கரங்களுக்குத் தனி மின்மோட்டார், நடுவில் புரொப்பல்லர் ஷாஃப்ட்டே கிடையாது, டிரான்ஸ்ஃபர் கேஸும் கிடையாது. எதைக் காட்டி விற்கவேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். ஆனால் அநேகமாக எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று, டயர். நான்கிலும் பட்டன் உயரம், அதாவது ரோட்டைத் தொடுகிற ரப்பர் கட்டைகளின் உயரம், ஒரே அளவில் இருக்கவேண்டும். ஒன்று புதிது, மூன்று பழையது என்றால் சுற்றளவு மாறுகிறது, நேர் ரோட்டில்கூட டிஃபரென்ஷியலும் கப்ளிங்கும் ஓயாமல் வேலை செய்து சூடேறும். 2/32 அங்குலம், அதாவது ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சத்துக்குமேல் வித்தியாசம் கூடாது என்று சில தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். விவரம் தெரிந்தவர் வந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார். ஸ்டெப்னியும் அதே அளவா என்று பார்த்துவையுங்கள்.

இன்னும் சில, என் அனுபவத்தில் பட்டது. அவர்கள் வருவதற்கு முன் இன்ஜினை ஓட்டிச் சூடாக்காதீர்கள். பழைய டீசலைப் பற்றித் தெரிந்தவர் பானட்டைத் தொட்டுப் பார்ப்பார், சூடாக இருந்தால் சந்தேகம் வந்துவிடும். ஆறிய இன்ஜின் எத்தனை சுற்றில் எழுகிறது, என்ன நிறத்தில் புகை விடுகிறது என்று அவர் முன்னாலேயே பார்க்கட்டும். அடிப்பாகத்துக்குப் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடிக்காதீர்கள். துருவை மறைக்கத்தான் அடித்தீர்கள் என்றே நினைப்பார்கள், நல்ல இரும்பாக இருந்தாலும். குறையைப் போட்டோவிலேயே காட்டிவிடுங்கள். என் வண்டியில் சறுக்குக் கதவின் கீழ் உருளை தேய்ந்து, கடைசி அரை அடிக்கு இழுத்துச் சாத்தவேண்டும். மூன்றாவது விளம்பரத்தில் அதை முதல் படமாகப் போட்டேன். 'நன்றாகப் பராமரிக்கப்பட்டது' என்பதை எடுத்துவிட்டு, என்னென்ன எந்தக் கிலோமீட்டரில் மாற்றினேன் என்று மட்டும் எழுதினேன். அழைப்பு குறைந்தது. அழைத்தவர்கள் கேட்ட கேள்வி மாறியது.

மூன்றாவது விளம்பரம் பார்த்துவிட்டு ஒரு பெண் தொலைபேசியில் கேட்டது ஒன்றே ஒன்று: "டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள், சார்?" 11 வருடத்தில் என்னைத் தவிர அந்தக் கேள்வியை வேறு யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. வரச் சொன்னேன். பாயை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, டார்ச்சை வாயில் கவ்வியபடி முன் ஷாஃப்ட்டை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். முன் சக்கரம் திரும்பினாலும் இழுவையைக் கொடுக்கிற மூட்டுகளான சிவி ஜாயின்ட்களை மூடியிருக்கிற ரப்பர் நான்கையும் விரலால் பிதுக்கிப் பார்த்தார். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, ஜன்னலைத் திறந்துவைத்து, 'டக் டக்' சத்தம் வருகிறதா என்று இரண்டு பக்கமும் வட்டமடித்தார். அப்புறம் நோட்டோடு நடுச் சீட்டில் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

"டயர் நான்கையும் மாற்றினீர்களா, முன்னால் இரண்டு மட்டுமா?" என்றார். நான்கும் என்றேன். பில்லைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பையிலிருந்து அளவுகோலை எடுத்துப் போய் நான்கு டயரிலும் பட்டன் உயரத்தை அளந்தார். வந்து விலை சொன்னார். நான் கேட்டதைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு, கதவு உருளைக்காக. பேரம் பேசவில்லை, ஒத்துக்கொண்டேன். என் செலவைக் கூட்டிப் பார்த்தால் அது எந்த மூலைக்கும் வராது. அந்தக் கணக்கை நீங்கள் போடவே போடாதீர்கள். அந்த ஆயில், அந்த டயர், அந்த பிரேக் எல்லாம் நம் பிள்ளைகள் உட்கார்ந்து போனதற்கு ஆன செலவு; அதை அடுத்தவர் ஏன் தரவேண்டும்? இதைச் சமாதானம் என்று சொல்பவர்கள் சொல்லட்டும்.

பணம் வந்த அன்றே பெயர் மாற்றப் பத்திரங்களில் இருவரும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டோம், தேதியும் நேரமும் எழுதி ஆளுக்கொரு நகல். நீங்களும் தள்ளிப்போடாதீர்கள். பெயர் மாறாத வண்டிக்கு வருகிற அபராதமெல்லாம் நம் வாசலுக்குத்தான் வரும். இன்ஷூரன்ஸையும் அன்றே நிறுத்தச் சொல்லிவிடுங்கள்.

சாவி இரண்டையும், மீந்த ஹோஸ் துண்டையும், நோட்டையும் கொடுத்தேன். அவர் பேனா கேட்டார். ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, மீட்டரைப் பார்த்து, என்னுடைய கடைசி வரிக்குக் கீழே தேதியையும் கிலோமீட்டரையும் எழுதிவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.