கணினி கேள்வி–பதில்: நிற்கும் இடம் எது?

கேள்வி: ஐயா, சித்திரைத் திருவிழாவில் அண்ணன் எடுத்த படங்களைத் தேதிவாரியாகப் பிரிக்க, லினக்ஸில் சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதினேன். எந்த ஃபோல்டரில் நிற்கிறோம் என்று ‘கெட்-சிடபிள்யூடி’ மூலம் கேட்டு முதல் வரியில் அச்சிடும். ஆங்கிலப் பெயர் வைத்த ஃபோல்டர்களில் சரியாக வருகிறது. ‘சித்திரைத் திருவிழா படங்கள்’ என்ற ஃபோல்டரில் மட்டும் ‘நல்’ (விடை இல்லை) என்று வருகிறது. விடையை வாங்கி வைக்கும் நினைவகப் பகுதியான பஃபருக்கு 64 பைட் இடம் கொடுத்திருக்கிறேன். தமிழ் ஒத்துவராதா?
— கல்லூரி மாணவர், திருப்பரங்குன்றம்

பதில்: நன்றாக ஒத்துவரும் தம்பி, தமிழ்மேல் பழி போடாதீர்கள். உங்கள் கடிதத்தை சிம்மக்கல் வகுப்பில் மாணவர்களிடம் கொடுத்து, அந்தப் பெயரைத் தாளில் பிரித்து எழுதச் சொன்னேன். கண்ணுக்கு 14 எழுத்து, 2 இடைவெளி. ஆனால் எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையின் கணக்கு வேறு. ‘சி’ என்றால் சகரத்துக்கு 3 பைட், மேலே உள்ள கொக்கிக்கு 3 பைட். மெய்யெழுத்தின் புள்ளிக்கும் தனியாக 3 பைட். இப்படி 25 குறிகளுக்கு 75, இடைவெளிக்கு 2. ஃபோல்டர் பெயரே 77 பைட் ஆகிவிட்டது. அதற்கு முன்னால் வரும் பாதையும், கடைசி முடிவுக் குறிக்கு 1 பைட்டும் சேர்ந்தால் 64-இல் எங்கே அடங்கும்?

‘நல்’ வந்ததே நல்லது. பழைய ‘கெட்-டபிள்யூடி’ அளவே கேட்காது. இடம் போதாவிட்டால் பக்கத்து நினைவகத்தில் எழுதிவிடும். அதனால்தான் யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்தின் 2008 பதிப்பில் அதை நீக்கினார்கள். நீங்கள் பயன்படுத்துவது அளவைப் பார்த்துக் கைவிரிக்கிறது. காரணத்தை, பிழை எண் இருக்கும் ‘எர்நோ’வில் ‘ஈ-ரேஞ்ச்’ (இடம் போதவில்லை) என்று வைக்கிறது. விடை ‘நல்’லா என்று முதலில் பாருங்கள். காரணம் ஈ-ரேஞ்ச் என்றால் பஃபரை இரட்டிப்பாக்கி மறுபடி கேளுங்கள். லினக்ஸில் பஃபருக்கு ‘நல்’, அளவுக்கு 0 கொடுத்தால் ஜிலிப்சி என்ற சி மொழி நூலகம் தானே இடம் ஒதுக்கித் தரும். வேலை முடிந்ததும் ‘ஃப்ரீ’ செய்து அந்த இடத்தைத் திருப்பிக் கொடுக்க மறக்காதீர்கள். பஃபர் அளவை 4096 என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் போதும்தான். ஆனால் ஃபோல்டருக்குள் ஃபோல்டராக இறங்கிக்கொண்டே போனால் அதைவிட நீளமான பாதையும் அமையும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஃபோல்டருக்குத் தன் பெயர் தெரியாது, அது தாய் ஃபோல்டரிடம்தான் இருக்கிறது. பழைய யூனிக்ஸில் ஒரு படி மேலே ஏறி, தாயின் பட்டியலில் தன் அடையாள எண்ணான ஐநோடு எண் எந்தப் பெயருக்கு எதிரே இருக்கிறது என்று தேடுவார்கள். பிறகு அடுத்த படி. ஒற்றைப் புள்ளியும் (இந்த ஃபோல்டர்) இரட்டைப் புள்ளியும் (தாய் ஃபோல்டர்) ஒரே இடத்தைக் காட்டினால், எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் ரூட் வந்துவிட்டது என்று அர்த்தம். இன்று லினக்ஸில் இயங்குதளத்தின் மையமான கெர்னலே பாதையைச் சொல்லிவிடுகிறது. ஆனாலும் வகுப்பில், ஒரு டெர்மினலில் ஃபோல்டருக்குள் நின்றுகொண்டு, இன்னொன்றில் அதே ஃபோல்டரை அழித்துக் காட்டுவேன். புரோகிராம் அங்கேயேதான் நிற்கும். சொல்லத்தான் பெயர் இருக்காது. ‘ஈ-நோ-என்ட்’ (அப்படி ஒன்று இல்லை) என்ற பிழை வரும். அதையும் கவனித்து எழுதுங்கள்.

கேள்வி: கடைக் கணக்கை பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்ட், கையால் ஓட்டினால் ஓடுகிறது. குறித்த நேரத்தில் தானே ஓட்டும் கிரானில் போட்டால் ‘ஃபைல் இல்லை’ என்கிறது. ஏன்?
— வாசகி, மேலூர்

பதில்: வழக்கமாக கிரான் உங்கள் ஹோம் ஃபோல்டரில் நின்றுதான் ஸ்கிரிப்டைத் தொடங்கும், நீங்கள் கணக்கு ஃபோல்டரில் நின்று தொடங்குகிறீர்கள். ஸ்கிரிப்டின் முதல் வேலையாக ‘சிடி’ கொடுத்து அந்த ஃபோல்டருக்குள் போங்கள். போக முடியாவிட்டால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தப்பான இடத்தில் நின்று தப்பான ஃபைலை எடுத்து வைத்துவிடும்.