‘தி நியூஸ்ரூம்’: அந்த விவாத வடிவத்தைக் கட்சி ஏன் ஏற்கவில்லை?

அமெரிக்கத் தொலைக்காட்சி அலைவரிசையான எச்பிஓவில் 2012இல் வெளியான ‘தி நியூஸ்ரூம்’ தொடரின் முதல் பருவத்தில், செய்தியாளர் வில் மெக்கவாயின் குழு ஒத்திகை நடத்திக் காட்டிய, அதிபர் வேட்பாளர்களுக்கான விவாத வடிவத்தைக் குடியரசுக் கட்சியினர் ஏன் மறுத்தனர் என்று கேட்டிருக்கிறீர்கள். நெறியாளர் வேட்பாளரைச் சாட்சிக் கூண்டில் நிற்பவரைப்போல் குறுக்கு விசாரணை செய்வதும், மழுப்பினால் இடைமறித்து மீண்டும் அதே கேள்விக்கு இழுத்து வருவதுமே அவ்வடிவத்தின் உயிர். தம் வேட்பாளர்கள் அப்படி அம்பலப்படுவதற்கு எந்தக் கட்சியும் எளிதில் இசையாது.

இது வெறும் கற்பனையன்று. அமெரிக்காவில் 1976 முதல் 1984 வரை அதிபர் தேர்தல் விவாதங்களை நடத்திய மகளிர் வாக்காளர் சங்கம், கேள்வியாளர் தேர்வு முதல் அரங்கில் அமரும் பார்வையாளர்கள் வரை அனைத்தையும் இரு தரப்புப் பிரசாரக் குழுக்களும் தமக்குள் பேசி முடித்துக்கொண்டதைக் கண்டித்து, 1988இல் அப்பொறுப்பிலிருந்தே விலகியது.

தொடரில் என்னை மிகவும் வருத்துவது வேறொன்று: அந்த விவாதத்தை நடத்தும் வாய்ப்புக்குத் தேவையான பார்வையாளர் எண்ணிக்கையைப் பெறுவதற்காகவே, அக்குழு தான் வெறுத்த பரபரப்பான கொலை வழக்குச் செய்திகளை ஒளிபரப்பியிருந்தது.