பாட்டுப் பெட்டி: ஆறு வாரக் குழந்தையின் முகம்

போன இதழில் அமெரிக்கக் கிறிஸ்தவப் பாடகி ஏமி கிராண்டைப் பற்றிப் போகிறபோக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. சிலர் கோபமாகவும் எழுதியிருக்கிறார்கள். அதனால் இந்த வாரம் வேறு கேள்விகளை எடுத்துக்கொள்ளவில்லை.

*நம் ஊரில் சுசீலாம்மாவும் யேசுதாசும் சினிமாவுக்கும் பாடினார்கள், கிறிஸ்தவப் பக்திப் பாடல்களும் பாடினார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கிறிஸ்தவப் பாடகி பாப் பாட்டுக்குப் போனதை அமெரிக்காவில் ஏன் அவ்வளவு பெரிதாகப் பேசினார்கள்?*
— வாசகர், மதுரை

நாம் குரலைக் கேட்டோம். பாடுகிறவர் வீட்டில் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்று விசாரித்துவிட்டு யாரும் கேசட் வாங்கவில்லை. அமெரிக்காவில் கதை வேறு. 1970களில் கிதார், டிரம்ஸ் வைத்துப் பாடும் கிறிஸ்தவப் பாட்டுக்கென்றே அங்கே ஒரு தனி உலகம் உருவாகிவிட்டது. கம்பெனி தனி, ரேடியோ தனி, 'டவ்' என்று விருதும் தனி. ரெக்கார்டு வேண்டுமானால் பைபிளும் வாழ்த்து அட்டையும் விற்கிற கிறிஸ்தவப் புத்தகக் கடைக்குத்தான் போகவேண்டும். அந்த உலகத்தில் மேடையேறுகிறவரைப் பாடகர் என்று மட்டும் பார்க்க மாட்டார்கள். அவர் சாட்சி சொல்கிறவர், அவர் செய்வது ஊழியம்.

ஏமி அந்த உலகத்தின் செல்லப்பிள்ளை. 1960இல் பிறந்தவர், நாஷ்வில்லில் வளர்ந்தவர். அப்பா புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை தரும் டாக்டர். குடும்பம் 'சர்ச் ஆஃப் கிரைஸ்ட்' சபை. அந்தச் சபையில் ஆராதனைக்கு ஆர்கன் கிடையாது, பியானோ கிடையாது. வாயால் மட்டும்தான் பாட்டு, சபை முழுக்க நாலு குரலாகப் பிரிந்து பாடும். கொயர் நடத்திய எனக்கு இதில் ஒரு பொறாமையே உண்டு. பிடித்துக்கொள்ள ஒரு வாத்தியமும் இல்லாமல் பக்கத்துக் குரலைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த காது அது. அவர் பாட்டில் இரண்டாவது குரல்கள் வந்து சேரும் இடங்களைக் கவனித்தால் உங்களுக்கே புரியும்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அம்மா அப்பாவுக்குக் கொடுக்க ஒரு டேப்பில் சில பாட்டுகளைப் பதிவு செய்தார். அது கம்பெனிக்காரர் காதுக்கு எட்டி, 1977இல் முதல் ஆல்பமே வந்துவிட்டது. அப்போது இன்னும் பள்ளி மாணவிதான். 1982இல் வந்த 'ஏஜ் டு ஏஜ்' பத்து லட்சம் பிரதி விற்று பிளாட்டினம் ஆனது. நம் சபைகளிலும் பலர் கேட்டிருக்கும் 'எல் ஷடாய்' அந்த ஆல்பத்தில்தான். எழுதியவர்கள் மைக்கேல் கார்டும் ஜான் தாம்ப்சனும். பாடி எல்லா வீட்டுக்கும் கொண்டு சேர்த்தவர் ஏமி. இப்படி வளர்த்த பிள்ளை வேலி தாண்டினால் வீட்டார் சும்மா இருப்பார்களா?

*என் மகள் சபைக் கொயரில் பாடுகிறாள். வீட்டில் ஏமியின் 'பேபி பேபி'யைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறாள். என் அண்ணனோ, "காசுக்காகப் பின்வாங்கிப் போனவள் பாட்டு இந்த வீட்டில் கேட்கக்கூடாது" என்கிறார். நான் யார் பக்கம் பேசட்டும், டீச்சர்?*
— வாசகி, நாசரேத்

இதே சண்டை எங்கள் வீட்டிலும் நடந்ததம்மா. 1991 கடைசி. தங்கச்சி பிரசவத்துக்குப் பாளையங்கோட்டைக்கு வந்திருந்தாள். துபாயில் இருந்த அண்ணன், ஊருக்கு வந்த ஒருவரிடம் நாலு கேசட் கொடுத்தனுப்பியிருந்தார். அதில் ஒன்று ஏமியின் 'ஹார்ட் இன் மோஷன்' ஆல்பம். 'எல் ஷடாய்'யை எங்கள் கொயருக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அவருடைய புதுப் பாட்டுகள் என்றதும் அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்ப் போட்டேன். இரண்டாவது பாட்டு 'பேபி பேபி'. அம்மா அடுக்களையிலிருந்து வந்து டேப்பை நிறுத்திவிட்டார்கள். "பேபி பேபின்னு ஒருத்தி கொஞ்சுதா. இதுவாட்டி கர்த்தருடைய பாட்டு?"

எனக்கும் பதில் சொல்ல வாய் வரவில்லை. இரவு எல்லாரும் படுத்த பிறகு கேசட் அட்டையை விரித்து டியூப்லைட்டுக்குக் கீழே வைத்துப் பொடி எழுத்துகளைப் படித்தேன். அந்தப் பாட்டைத் தன் மகளுக்குச் சமர்ப்பணம் செய்திருந்தார். ஆறு வாரக் குழந்தையான அவளுடைய முகத்தைப் பார்த்துப் பிறந்த பாட்டு என்று அதில் இருந்தது.

எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அப்போது நாற்பது நாள். மறுநாள் காலை அம்மா வழக்கம்போல மணையில் உட்கார்ந்து, காலை நீட்டி, பிள்ளையைக் குப்புறப் போட்டு, முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நான் செம்பில் வெந்நீர் மொண்டு கொடுத்தபடி அட்டையில் இருந்ததைச் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. தண்ணீர் ஊற்றி, மூக்கை உருவிவிட்டு, துடைத்து, சாம்பிராணி காட்டி, பிள்ளையைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்த பிறகுதான் சொன்னார்கள்: "அந்தப் பாட்டைப் போடு, கேப்போம்." அன்று முழுசாகக் கேட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தக் கேசட்டை யாரும் நிறுத்தவில்லை.

உங்கள் அண்ணனுக்குச் சொல்ல இன்னும் கொஞ்சம் விவரம் தருகிறேன். ஏமி ஒரே நாளில் வேலி தாண்டிப் போனவர் அல்ல. 1985இலேயே 'அன்கார்டட்' ஆல்பத்தைப் பொதுக் கடைகளுக்குக் கொண்டுபோக 'ஏ அண்ட் எம்' என்ற பெரிய பாப் கம்பெனி கைகோத்தது. அதிலிருந்த 'ஃபைண்ட் எ வே', வாராவாரம் பாட்டுகளை வரிசைப்படுத்தும் பில்போர்டு பத்திரிகையின் முக்கியப் பட்டியலில் 29ஆம் இடம் வரை போனது. அந்தப் பாட்டில் கடவுளைப் பற்றி ஒளிவுமறைவே இல்லை. 1986இல் பாப் பாடகர் பீட்டர் செட்டெராவோடு சேர்ந்து பாடிய காதல் பாட்டு முதலிடம் பிடித்தது. 1991 ஏப்ரல் கடைசியில் 'பேபி பேபி' தனிப் பாட்டாக முதலிடத்துக்கு வந்து இரண்டு வாரம் அங்கேயே இருந்தது. ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 50 லட்சம் பிரதி. காசு வரத்தான் செய்தது. ஆனால் வந்த காசை வைத்து ஒருவருடைய விசுவாசத்தை எடைபோட நமக்கு யார் தராசு கொடுத்தது?

அதே கேசட்டில் 'ஹோப் செட் ஹை' இருக்கிறது. வாழ்க்கையில் ஏதாவது நல்லது நடந்தால் அது இயேசுவிடமிருந்துதான் என்று பெயர் சொல்லியே பாடுகிறார். 'ஆஸ்க் மீ' என்று இன்னொரு பாட்டு. சிறு வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளான ஒரு பெண்ணைப் பற்றியது. கடவுள் இருக்கிறாரா என்று அவளைக் கேளுங்கள் என்கிறார். 1991இல் நம் ஊர்ப் பிரசங்க மேடை எதிலும் அந்த விஷயத்தை ஒருவர் வாய் திறந்து பேசி நான் கேட்டதில்லை. அதைக் கடைவீதியில் விற்கிற பாப் ஆல்பத்தில் வைத்தார் அவர். அண்ணனை உட்காரவைத்து முதலில் 'ஆஸ்க் மீ'யைப் போட்டுக் காட்டுங்கள். 'பேபி பேபி' அதற்கப்புறம் வரட்டும்.

*அப்படியானால் அவரைக் குறை சொன்னவர்கள் எல்லாரும் தப்பா?*
— வாசகர், நாகர்கோவில்

இல்லை. 'பேபி பேபி' வீடியோவைப் பார்த்து வருத்தப்பட்டவர்களின் வருத்தம் நியாயம்தான் என்று இன்றும் நினைக்கிறேன். பிள்ளையைப் பார்த்து எழுதின பாட்டு. வீடியோவிலோ கணவர் அல்லாத ஒரு மாடல் இளைஞரோடு கொஞ்சி விளையாடுகிறார், பிள்ளையைக் காணோம். கேசட் அட்டையை விரித்துப் படிக்காத கோடிப் பேருக்கு அந்த வீடியோதான் பாட்டின் அர்த்தம். அந்தக் குழந்தையின் முகத்தை ஒரு தடவை காட்டியிருந்தால் எங்கள் அம்மா மாதிரி எத்தனையோ அம்மாக்கள் டேப்பை நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

ஆனால் பெரிய அடி பாட்டால் விழவில்லை. 1999இல் அவருக்கும் பாடகர் கேரி சாப்மனுக்கும் விவாகரத்து ஆனது. அடுத்த வருஷமே கன்ட்ரி பாடகர் வின்ஸ் கில்லை மணந்தார். சில கிறிஸ்தவ ரேடியோ நிலையங்கள் அவர் பாட்டைப் போடுவதையே நிறுத்தின. அந்தக் குடும்பத்தில் நடந்ததற்குத் தீர்ப்புச் சொல்ல நான் யார்? பாட்டு சொல்லிக்கொடுத்தவளாக ஒன்று மட்டும் சொல்வேன். ஒருவர் இடறினார் என்பதால், 17 வருஷத்துக்கு முன் அவர் பாடிய 'எல் ஷடாய்' பொய்யாகிவிடாது. அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது அப்போதும் மெய், இப்போதும் மெய்.

2002இல் அவர் பழைய கீதங்களைப் பாடி ஒரு ஆல்பம் கொடுத்தார். கூட இருந்து தயாரித்தவர்கள் இருவர். ஒருவர் 1977இன் முதல் ஆல்பத்தைத் தயாரித்த அதே பிரவுன் பேனிஸ்டர், மற்றவர் வின்ஸ் கில். 2022இல், கலைஞர்களின் வாழ்நாள் பணிக்காக அமெரிக்காவில் தரும் கென்னடி சென்டர் விருது பெற்றார். சமகாலக் கிறிஸ்தவ இசையிலிருந்து அந்த விருதைப் பெற்ற முதல் ஆள் அவர்தான்.

*இயேசு என்ற நாமமே வராத பாட்டு எப்படிக் கிறிஸ்தவப் பாட்டாகும்?*
— வாசகி, கோயம்புத்தூர்

இந்தக் கேள்வியை அங்கே உள்ள காஸ்பல் மியூசிக் அசோசியேஷனே கேட்டுக்கொண்டது. டவ் விருது கொடுக்கிறவர்கள் அவர்கள்தான். 1997இல் வந்த ஏமியின் 'பிஹைண்ட் தி ஐஸ்' மாதிரி ஆல்பங்களில் வெளிப்படையான விசுவாச வார்த்தைகள் குறைவு. அந்தச் சமயத்தில்தான், 1998இல், எது கிறிஸ்தவப் பாடல்வரி என்று வரையறை எழுதினார்கள். வேதாகம சத்தியத்தில் வேரூன்றியிருக்கலாம், துதியாக இருக்கலாம், சாட்சியாக இருக்கலாம், கிறிஸ்தவப் பார்வையிலிருந்து பிறந்தது என்று தெளிவாகத் தெரிந்தாலும் போதும் என்றார்கள். கடைசியில் சொன்னதைப் பாருங்கள். கதவைச் சாத்துகிறேன் என்று போய், ஒரு ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

எஸ்தர் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். பத்து அதிகாரம், தேவனுடைய பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. அதை வேதத்திலிருந்து யாராவது கிழித்தெடுத்தோமா? வரி வரியாக நாமத்தை எண்ணிக்கொண்டிருந்தால் பாட்டு காதில் விழாது.

*இப்போதும் இப்படி யாராவது போகிறார்களா?*
— மாணவி, திருச்சி

லாரன் டெய்கிள். அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து வந்த கிறிஸ்தவப் பாடகி. கனமான, கொஞ்சம் கரகரத்த குரல். 2018இல் வந்த 'யூ சே' கிறிஸ்தவப் பாடல் பட்டியலில் நூறு வாரத்துக்கு மேல் முதலிடத்தில் இருந்தது, பொதுப் பட்டியலில் 29ஆம் இடம் வரை ஏறியது. ஏமியின் 'ஃபைண்ட் எ வே' 1985இல் தொட்டதும் அதே 29தான். அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை. தான் ஒருபால் ஈர்ப்புள்ளவர் என்று வெளிப்படையாகச் சொன்ன எலன் டிஜெனரஸின் டி.வி. நிகழ்ச்சியில் போய்ப் பாடினார் என்பதற்காக லாரனையும் திட்டித் தீர்த்தார்கள். வீட்டுக்குள் இருந்தே கல் வரும் என்பது மட்டும் இத்தனை வருஷத்தில் மாறவில்லை. அந்தப் பெண்ணுக்காக நான் ஜெபம் பண்ணுகிறேன்.

*ஏமி கிராண்டை முதல்முதலாகக் கேட்க எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்?*
— வாசகர், கொழும்பு

1988இல் வந்த 'லீட் மீ ஆன்'. 'பேபி பேபி'யைத் தேடி வருகிறவர்களுக்கு இது முதலில் இருட்டாகத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். தலைப்புப் பாட்டின் முதல் பகுதி இன்னொருவன் லாபத்துக்காக முதுகொடிய வேலை செய்யும் அடிமைகளைப் பற்றியது. அடுத்த பகுதியில், ஹிட்லர் காலத்தில் நட்சத்திரம் குத்தப்பட்டு ரயிலுக்குக் காத்திருக்கும் யூதர்கள். நடுவில் ஒரு மனித மன்றாட்டு, அவ்வளவுதான்.

'ஃபெய்த்லெஸ் ஹார்ட்' என்ற பாட்டை மட்டும் தனியாக இருக்கும்போது கேளுங்கள். கல்யாணமான ஒரு பெண், தன் மனசு வேறு பக்கம் சாய்வதைத் தானே பார்த்து, அந்த மனசோடு நேருக்கு நேர் நின்று பேசுகிறாள். விவாகரத்துக்குப் பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பாட்டு கிறிஸ்தவப் புத்தகக் கடையில், பைபிளுக்குப் பக்கத்து அலமாரியில் இருந்தது.